லடாக் வரை போய்வர எந்த வண்டி? – வாசகர் கேள்வி பதில்

தார்ச் சாலையிலும் மண் பாதையிலும் ஒருசேர ஓடக்கூடிய, விற்பனையாளர்கள் ‘டூயல் ஸ்போர்ட்’ என்றும் ‘அட்வெஞ்சர்’ என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிற மோட்டார் சைக்கிள்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் உயரம் ஐந்து அடி ஏழு அங்குலம். பல ஆண்டுகளாக 150 சிசி வண்டி ஓட்டுகிறேன். அடுத்த ஆண்டு ஜூலையில் திண்டுக்கல்லிலிருந்து லே வரை தனியாகப் போய்வர விரும்புகிறேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் போதும் என்கிறார் ஒரு நண்பர். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450தான் சரி என்கிறார் இன்னொருவர். கேடிஎம் 390 அட்வெஞ்சருக்கு ஈடு எதுவுமில்லை என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூவருமே தாங்கள் ஓட்டும் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், நீங்கள் ஓட்டப்போகும் சாலையை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்கள் ஊர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 கரூர், சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா வழியாக டெல்லியை அடைகிறது. டெல்லியிலிருந்து மணாலி சுமார் 540 கி.மீ. ஆக, இமயமலையின் மடியைத் தொடுவதற்கே ஏறத்தாழ 3,000 கி.மீ. ஓட்டியாக வேண்டும், அதில் பெரும்பகுதி லாரிகளும் பேருந்துகளும் விரையும் நான்குவழிச் சாலை. மணாலியிலிருந்து லே வரை உள்ள தூரமோ சுமார் 430 கி.மீ.தான். 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையால் ரோதாங் கணவாயின் சேற்றில் உழலும் கட்டாயம் இப்போது இல்லை. மீதிப் பாதையிலும் தார் போட்ட பகுதியே அதிகம். பனி உருகிய நீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் இடங்களையும், பணி நடந்துகொண்டிருக்கும் சரளைப் பகுதிகளையும், லேவுக்கு அப்பால் நீங்கள் சுற்றிப் பார்க்கப் போகும் கிளைப் பாதைகளையும் சேர்த்தால்கூட, போகவர ஏழாயிரம் கிலோமீட்டரில் மண்ணும் கல்லுமான பாதை சில நூறு கிலோமீட்டருக்கு மேல் தேறாது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே நண்பர்களின் வழக்கு பாதி தீர்ந்துவிடும். எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியின் எஞ்சின் 199.6 சிசி; திறன் சுமார் 19 குதிரைத்திறன்; எடை 160 கிலோவை ஒட்டியது. மணிக்கு 75 முதல் 80 கி.மீ. வரையிலான வேகத்தில் அது சுகமாக ஓடும். அதற்கு மேல் போனால் எஞ்சின் திணறுவது கைப்பிடியிலேயே தெரியும். லாரியை முந்துவதற்கென்று கையிருப்பாகத் திறன் எதுவும் மிச்சமிருக்காது. 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210, நீர் குளிர்விப்புள்ள எஞ்சினோடு 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருவதால் இந்தக் குறையை ஓரளவு போக்கியிருக்கிறது. ஹிமாலயன் 450, பெயரில் 450 என்றாலும் 452 சிசி, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க் நிரம்பிய நிலையில் 196 கிலோ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் ஓட்டினாலும் வண்டியோ ஓட்டுபவரோ களைத்துப் போகாத அமைப்பு. கேடிஎம் 390 அட்வெஞ்சரின் 2025ஆம் ஆண்டு வடிவம் 399 சிசி, 46 குதிரைத்திறன். மூன்றிலும் வேகம் அதற்குத்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹிமாலயனில் இழுவிசையின் உச்சம் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுழலும்போதே கிடைத்துவிடுகிறது. 390இல் 6,500 சுற்று வரை எஞ்சினை முறுக்க வேண்டும். நகரத்துச் சந்திகளிலும் நெடுஞ்சாலையிலும் இது உற்சாகம் தரும். சுமை ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் நடைவேகத்தில் கல் மேல் கல்லாக ஏறும்போது கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட நேரிடும்.

உயரம் செய்யும் வேலையையும் நினைவில் கொள்ளுங்கள். மணாலி–லே சாலையில் உயர்ந்த கணவாயான தங்லங் லா 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சரியும். எரிபொருள் ஊசிமுறை (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) கொண்ட வண்டி, காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் பழைய கார்புரேட்டர் வண்டிகளைப்போலக் கரும்புகை கக்கி நின்றுவிடாது. என்றாலும், இல்லாத ஆக்சிஜனை அதனால் உண்டாக்க முடியாது. 40 குதிரைத்திறன் அங்கே 24ஆகும். 19 குதிரைத்திறன் 11ஆகும், அதாவது ஊரில் ஓடும் ஒரு 125 சிசி வண்டியின் நிலைக்கு இறங்கிவிடும். அதனால் எக்ஸ்பல்ஸ் ஏறாது என்று பொருளில்லை. முதல் இரண்டு கியர்களில் பொறுமையாக ஏறும். அங்கே யாரும் உங்களைத் துரத்தப் போவதுமில்லை.

பெட்ரோல் கணக்குக்கு வருவோம். லாஹௌல் பள்ளத்தாக்கில் கேலாங்குக்கு முன்னால் உள்ள டாண்டி பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை பயணிகள் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் இடம். தட்டையான சாலைக் கணக்கில் எக்ஸ்பல்ஸின் 13 லிட்டரும், ஹிமாலயனின் 17 லிட்டரும் 400 கிலோமீட்டருக்கு மேல் தரும், 390இன் 14.5 லிட்டர் அந்த எல்லையை ஒட்டி வந்து நிற்கும். மலையேற்றத்தில் எல்லா வண்டியும் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று மூன்றுக்குமே தேவை. பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், பங்கில் மறுத்துவிடுவார்கள். உலோகக் கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு: தனியாகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கூழாங்கல் நிறைந்த ஓடையில் வண்டி சாயத்தான் செய்யும்; அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் சுமையோடு 220 கிலோவைத் தாண்டும் வண்டியை, நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில், பக்கத்தில் ஆள் இல்லாமல் நிமிர்த்த உங்களால் முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் இதற்கு விடமாட்டார்கள். அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, பழைய மெத்தையொன்றின்மேல் வண்டியை மெல்லச் சாய்த்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். முதலில் எஞ்சினை அணைத்து, வண்டி உருளாதபடி கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கவாட்டு ஸ்டாண்டை முன்கூட்டியே வெளியே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் போய் விழும். ஹேண்டில்பாரை, வண்டி விழுந்து கிடக்கும் பக்கமாகவே முழுதாகத் திருப்புங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பு அழுந்தும்படி குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றிக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால் வலுவால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். இப்படித் தூக்க முடியாத வண்டி உங்களுக்கான வண்டியல்ல. அதன் குதிரைத்திறன் எவ்வளவாக இருந்தாலும் சரி.

இனி என் முடிவைச் சொல்கிறேன். வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு வண்டியிலேயே திரும்புவதானால், நிமிர்த்தும் சோதனையில் தேறினால், ஹிமாலயன் 450. வண்டியை ரயிலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டுவதானால், எக்ஸ்பல்ஸே போதும். விலையில் மிச்சமாகும் பெரும்தொகையை நல்ல ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட், பெட்ரோல் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். ரயில் பார்சல் அலுவலகத்தில் வண்டியின் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிடச் சொல்வார்கள். ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, முகப்பு விளக்குக்கு வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டிவிடுவது நல்லது. கேடிஎம், வேகத்தில் உண்மையான நாட்டமுள்ளவருக்கான வண்டி. ஆண்டின் மீதி நாட்களில் கொடைக்கானல் மலைப்பாதையை ரசித்து ஓட்டுவதுதான் உங்கள் முதன்மையான இன்பம் என்றால், மூன்றாம் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் இமாசலப் பிரதேசத்தில் பருவமழை உச்சத்தில் இருக்கும். மண்டிக்கும் மணாலிக்கும் இடையே மண்சரிவு வழக்கமான செய்தி. 2023 ஜூலை வெள்ளத்தில் அந்த நெடுஞ்சாலையின் சில பகுதிகளை பியாஸ் ஆறு அடித்துக்கொண்டே போய்விட்டது. விடுப்பைச் செப்டம்பருக்கு மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஐந்து அடி இரண்டு அங்குல உயரம். இருக்கையின் உயரத்தைப் பார்த்தவுடனேயே, “மேடம், உங்களுக்குக் கால் எட்டாது” என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள் இந்த வகை வண்டியை மறந்துவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மறக்க வேண்டியதில்லை, அந்தக் கடையை வேண்டுமானால் மறந்துவிடலாம். விவரக் குறிப்பில் அச்சிடப்படும் இருக்கை உயரம் பாதி உண்மையைத்தான் சொல்லும். இருக்கை எவ்வளவு அகலம் என்பது மறுபாதி. தொடையை விரித்து வைக்கும் அகலமான 800 மி.மீ. இருக்கையைவிட, முன்பக்கம் ஒடுங்கிய 825 மி.மீ. இருக்கையில் கால் நன்றாகத் தரையைத் தொடுவதுண்டு. அதோடு, நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட வண்டி நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அமுங்கும். 200 மி.மீ. அசைவுள்ள பின் சஸ்பென்ஷன், ஓட்டுபவரின் எடைக்குச் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் 60 மி.மீ. அளவுக்கு இறங்குவது இயல்பு. ஆனால் கடையில் நிற்கும் வண்டி பெரும்பாலும் உங்களைவிடக் கனமானவரை எண்ணி அமைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து பாருங்கள். சுவரோரமாக நின்று, கால் இடுக்கிலிருந்து தரை வரை உள்ள நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரத்தைவிட இந்த அளவுதான் இங்கே பயன்படும். பயணத்துக்குரிய பூட்ஸை அணிந்துகொண்டே கடைக்குப் போங்கள். அதன் அடிப்பகுதி மட்டுமே இரண்டு சென்டிமீட்டர் தரும்.

ஹிமாலயன் 450இன் இருக்கை 825 மி.மீ.; அதை 845 வரை உயர்த்தலாம்; தனியாக விற்கப்படும் தாழ்ந்த இருக்கையைப் பொருத்தினால் 805க்கு இறங்கும். நிறுத்தப்பட்டுவிட்ட பழைய ஹிமாலயன் 411 இருக்கை 800 மி.மீ. எக்ஸ்பல்ஸில் சாதாரண வகை 825 மி.மீ. அளவில் இருக்கிறது, ஆனால் போட்டிப் பந்தய அமைப்போடு வரும் ‘புரோ’ வகை 891 மி.மீ. என்பதால் அதன் அருகே போக வேண்டாம்.

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும் என்பது ஸ்கூட்டரில் பழகிய எதிர்பார்ப்பு. நிற்கும்போது இடுப்பை இருக்கையின் ஒரு பக்கமாக நகர்த்தி, இடது பாதத்தை மட்டும் உறுதியாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், நீங்கள் நினைப்பதைவிட உயரமான வண்டியையும் கையாளலாம். வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதில் அடங்கும்; பள்ளமான பக்கத்தில் கால் வைக்க நேராதபடி, மேடான விளிம்பை ஒட்டி நிற்கப் பழகுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பின்பக்க இணைப்புத் தண்டை மாற்றி வண்டியையே தாழ்த்திக் கொடுக்கிறோம் என்று சொல்லும் பட்டறைகளிடம் போகாதீர்கள். அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும். பக்கவாட்டு ஸ்டாண்டு நீளமாகிப் போய், வண்டி நேராக நின்று, லேசான காற்றுக்கே மறுபக்கம் சாயும். வளைவில் திரும்பும் இயல்பும் மாறிவிடும்.

கேள்வி: இலேசான வண்டிதான் நல்லது என்றால், 139 கிலோ மட்டுமே உள்ள கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வாங்கிவிடலாமே? அதுதான் உண்மையான டூயல் ஸ்போர்ட் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உண்மையான டூயல் ஸ்போர்ட் அதுதான், உங்கள் நெடும்பயணத்துக்கு அது ஒத்துவராததற்கும் அதுவே காரணம். சேற்றுப் பாதைப் பந்தய வண்டிக்கு விளக்கும் நம்பர் பிளேட்டும் பொருத்திச் சாலைக்குக் கொண்டுவந்ததுபோன்ற பிறவி அது. டேங்க் 7.6 லிட்டர், இருக்கை 880 மி.மீ. உயரம், அதுவும் பலகைபோல ஒடுக்கமானது. டாண்டியிலிருந்து அந்த 365 கி.மீ. தூரத்தைக் கடக்கப் பல லிட்டர் பெட்ரோலைக் கேனிலும் சுமக்க வேண்டியிருக்கும். அதைக் கட்டுவதற்கு உறுதியான பின்சட்டமும் கிடையாது. காற்றைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் நாள்தோறும் 500 கி.மீ. ஓட்டினால் கழுத்தும் தோளும் உங்களோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்ளும். வார இறுதியில் ஓசூரைச் சுற்றியுள்ள மண் பாதைகளில் பழக அதைவிட நல்ல வண்டி இல்லை.

கேள்வி: பணம் ஒரு பொருட்டில்லை. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் வாங்கினால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் அல்லவா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தார்ச் சாலைச் சிக்கல்கள் எல்லாம் தீரும். அந்தக் குடும்பத்தின் முன்னோடியான ஆர் 80 ஜி/எஸ் 1980இல் வந்தபோது, 800 சிசி எஞ்சினோடு 190 கிலோவைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டே ஊபேர் ஓரியோல் பாரிஸ்–டக்கார் என்ற பாலைவன நெடுந்தூரப் பந்தயத்தை பிஎம்டபிள்யூவில் வென்றார். இன்றைய 1300 ஜிஎஸ், சாமான் எதுவும் ஏற்றாமலே 237 கிலோ. இடைப்பட்ட காலத்தில் டக்கார் பந்தயமோ எதிர்த்திசையில் நடந்து, 2011 முதல் 450 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின்களை அனுமதிப்பதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தவே அந்த விதி வந்தது என்பதும், பந்தய வீரருக்குப் பின்னால் பட்டறையே நகர்ந்து வரும் என்பதும் உண்மைதான். அதனால் பந்தயத்தை அப்படியே நமக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. இருந்தாலும், பாலைவனத்தில் நாளெல்லாம் ஓட 450 சிசி போதும் என்பதற்கு அது சான்று. நீங்கள் துணையோடும் நண்பர்களோடும், நல்ல சாலைகளில், வெளிநாடுகள் வரை செல்பவர் என்றால் அந்தப் பெரிய வண்டி சொகுசான தேர்வு. தனியாக ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் ஓடைகளைக் கடக்க நினைத்தால், அது விழும் முதல் தடவையிலேயே அதன் விலை உங்களுக்கு உதவாது. அதற்கு டீலர்கள் இருப்பதும் பெருநகரங்களில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ட்யூப்லெஸ் அலாய் சக்கரமா, ட்யூப் உள்ள ஸ்போக் சக்கரமா? முன்சக்கரம் 21 அங்குலமாக இருந்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரிய முன்சக்கரம் குழியின் விளிம்பையும் கல்லையும் குறைந்த கோணத்தில் சந்திப்பதால் அவற்றில் இடறாமல் உருண்டு ஏறிவிடுகிறது, 21 அங்குலத்தின் பெருமை அதுதான். அதற்கு விலையாக, தார்ச் சாலை வளைவுகளில் வண்டி சற்றுத் தாமதமாகத்தான் சாயும். சரளைப் பாதையைத் தாண்டிக் கரடுமுரடான இடங்களுக்குப் போகாதவருக்கு 19 அங்குலமே நடுநிலையான தேர்வு. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் அப்படிப்பட்டது. 2025 முதல் கேடிஎம் 390 அட்வெஞ்சர் ஸ்போக் வைத்த 21 அங்குல வகையாகவும், அலாய் வைத்த 19 அங்குல ‘எக்ஸ்’ வகையாகவும் பிரித்து விற்கப்படுவதே நிறுவனங்களுக்கும் இந்த வேறுபாடு தெரியும் என்பதைக் காட்டுகிறது.

அலாய் சக்கரம் கூர்மையான கல்லில் வேகமாக மோதினால் விரிசல் விடும். அதைச் சாலையோரத்தில் சரிசெய்ய வழியில்லை. ஸ்போக் சக்கரம் வளையும். வளைந்ததைச் சைக்கிள் கடைக்காரரேகூட ஓரளவு நிமிர்த்தி ஊருக்கு அனுப்பிவைப்பார். ஆனால் ஸ்போக் சக்கரத்தில் வழக்கமாக ட்யூப் இருக்கும். ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்த்து, ட்யூபை உருவி ஒட்டி, மறுபடி ஏற்றுவதற்குள் நன்றாகப் பழகியவருக்கே அரை மணிக்கு மேலாகும். ட்யூப்லெஸ்ஸில் அதே ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். இரண்டின் நன்மையும் சேர்ந்தது ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம். ஹிமாலயன் 450க்கு 2024இல் அது கூடுதல் விலையில் வந்தது. அந்தக் கூடுதல் தொகை வீண்செலவல்ல.

ட்யூப் வண்டியையே வாங்குவதானால், புறப்படும் முன் உங்கள் வீட்டு வாசலில் ஒரு முறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சங்கிலியை எவ்வளவு தளர்த்த வேண்டும், அச்சாணியைத் தட்டி எடுக்க எந்த அளவு ஸ்பேனர் வேண்டும் என்பவை அப்போதுதான் தெரியவரும். வண்டியோடு தரும் கருவிப் பையில் அந்த ஸ்பேனர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். டயர் கிடைக்கும் இடத்தையும் யோசியுங்கள்: எக்ஸ்பல்ஸுக்கும் ஹிமாலயனுக்கும் முன் டயர் 90/90-21 என்ற ஒரே அளவு, சிற்றூர்க் கடைகளில் இது கைவசம் இருக்காது என்பதால், தேய்ந்த முன் டயரோடு நெடும்பயணம் கிளம்பக் கூடாது.

கேள்வி: பழைய ஹிமாலயன் 411 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வாங்கலாம். அந்த எஞ்சினின் திறன் 24.5 குதிரைத்திறன்தான் என்றாலும் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் குணமும், எளிய அமைப்பும், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழகிய உடலமைப்பும் நெடும்பயணத்துக்கு ஏற்றவை. 2016இல் வந்த முதல் வண்டிகள் கார்புரேட்டர் கொண்டவை. 2017க்குப் பிந்தைய எரிபொருள் ஊசிமுறை வண்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை இடமும் வலமும் மிக மெதுவாகத் திருப்புங்கள்; நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது என்று பொருள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலிப்பது தளர்ந்தது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, எஞ்சினுக்கு அடியில் உள்ள தகட்டில் ஆழமான அடி, பின்சட்டத்தின் பற்றவைப்புகளில் புதிய பெயின்ட், இவை வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை விற்பவரைவிட நேர்மையாகச் சொல்லும். கடன் தீர்ந்து ஆர்சியில் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதியது வாங்குவதா என்று இன்னும் தயங்கினால் வரியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. எக்ஸ்பல்ஸும் வி-ஸ்ட்ராமும் இந்தக் கோட்டுக்குக் கீழே. ஹிமாலயனும் 390உம் மேலே.

கேள்வி: வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் லடாக் போவேன். அதற்காக வண்டி வாங்குவது அவசியமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: அவசியமே இல்லை. லே வரை விமானத்தில் போய், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். மணாலியிலோ டெல்லியிலோ எடுத்த வாடகை வண்டியில் பாங்காங், நுப்ரா ஆகிய இடங்களைச் சுற்ற லேயின் வாடகை வண்டிச் சங்கங்கள் விடுவதில்லை. சொந்த வண்டிக்கு அந்தத் தடை இல்லை. விமானத்தில் இறங்கியதும் வண்டியில் ஏறிவிடாமல், முதல் இரண்டு நாட்கள் லேவிலேயே தங்கி உடலை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து செல்லப் போகிறோம். இரண்டு பேருக்கும் மூன்று பெட்டிகளுக்கும் எந்த வண்டி தாங்கும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை என்று ஓர் எண் இருக்கும், அதில் இருவரின் எடை, உடுப்பும் ஹெல்மெட்டும், பெட்டிகளின் வெற்றெடை, அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டம் எல்லாம் அடங்கும். கூட்டிப் பார்த்தால் மூன்றாவது பெட்டி தானாகவே கழன்றுவிடும். இருவராகச் செல்ல எக்ஸ்பல்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹிமாலயன் 450 குறைந்தபட்சத் தேர்வு. இரும்புப் பெட்டியைவிடத் துணியாலான சேடில் பேக் பல கிலோ இலேசானது. வண்டி சாய்ந்தால் காலை நசுக்குவதுமில்லை. கனமான பொருட்களைத் தாழ்வாகவும் முன்னோக்கியும் கட்டுங்கள். பின்னால் உயரத்தில் கட்டிய சுமை முன்சக்கரத்தை இலேசாக்கி, வேகத்தில் ஹேண்டில்பாரை ஆட வைக்கும். உங்கள் மனைவியை முதலில் ஒரு முழுநாள், 300 கிலோமீட்டராவது, அந்தப் பின்னிருக்கையில் அழைத்துச் சென்றுவிட்டு, வண்டியைப் பற்றிய முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வண்டி வாங்கியாகிவிட்டது. மண் பாதையில் பழக, சத்தியமங்கலம் காட்டுக்குள் போகலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சத்தியமங்கலமோ புலிகள் காப்பகம். பொதுச் சாலையை விட்டு வண்டியை இறக்கினாலே வனத்துறையினர் வழக்குப் போடலாம். பழகுவதற்குக் காடு தேவையுமில்லை: கோடையில் வறண்ட ஏரியின் மண், கிராமங்களுக்கிடையிலான வண்டிப்பாதை, உரிமையாளரின் அனுமதி பெற்ற தரிசு நிலம் ஆகியவை போதும். கால்மிதியில் நின்றபடி, முழங்காலால் டேங்கைப் பற்றிக்கொண்டு, கைகளைத் தளர்த்தி, முதல் கியரில் எட்டு வடிவம் போடப் பழகுங்கள். பின்பிரேக்கை மட்டும் அழுத்திச் சக்கரம் எப்போது வழுக்குகிறது என்பதைக் காலால் உணருங்கள். மண்ணில் இறங்கும்போது டயர் காற்றைச் சில புள்ளிகள் குறைத்தால் பிடிப்புக் கூடும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றிவிட வேண்டும் என்பதால், கைப்பம்பு ஒன்றும் அழுத்தமானி ஒன்றும் முதல் நாளிலிருந்தே பையில் இருக்கட்டும்.